பட்டறைக்கு ஒரு போட்டோ கேலரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு ஜாங்கோவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜாப் கார்டு, டெலிவரி சலான், ரிஜெக்‌ஷன் கணக்கு, ப்ளேட்டிங்குக்கு வெளியே போன சரக்கு திரும்பி வந்ததா இல்லையா, இவ்வளவுதான் அதன் வேலை. பிரவுசரில் ஓடும். லேத்தும் வி.எம்.சி.யும் வைத்துக்கொண்டு அடுத்தவர் டிராயிங்குக்குப் பாகம் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க் பட்டறை அது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் இருபக்கமும் இப்படிப்பட்ட பட்டறைகள்தான். 1964இல் அரசு தொடங்கிய எஸ்டேட் இது. முகப்பில் இன்றைக்கு ஐ.டி. கட்டடங்கள் முளைத்திருந்தாலும் உள்ளே தெருக்களில் இன்னும் கூலன்ட் வாசனைதான்.

போன மாதம் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, செஞ்ச ஐட்டம் எல்லாம் போட்டோவா ஒரே இடத்துல வரணும். புதுசா யாராச்சும் என்கொயரி கேட்டா லிங்க்கை அனுப்பிடலாம். இப்போ என் போன்ல பாதி, சூப்பர்வைசர் போன்ல பாதின்னு கெடக்கு. நம்ம சாஃப்ட்வேர்லயே ஒரு கேலரி வெச்சுக் குடு. சின்ன வேலைதானே?"

கேலரி சின்ன வேலைதான். எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதுதான் பெரிய வேலை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். நடுவில் கொஞ்சம் பைத்தானும் வரும்.

முதலில் ஜாங்கோவைப் பற்றி இரண்டு வரி, தெரியாதவர்களுக்காக. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ரேம்ஒர்க் இது; பத்திரிகை ஆபீசில் பிறந்த சாமான். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் வரும் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு' நாளிதழின் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் எழுத ஆரம்பித்தார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது. 2010இல் வெளிவந்த இன்ஸ்டாகிராமும் ஜாங்கோவில்தான் எழுதப்பட்டது. அதனால் போட்டோவும் ஜாங்கோவும் ஒன்றுக்கொன்று புதுசில்லை. நம் பக்கத்தில் இதை ரொம்ப முன்பே எடுத்துப் பேசியவர் ஊட்டியில் இருந்த கென்னத் கொன்சால்வஸ். 2012இல் அவர் காலமான பிறகு அவர் பெயரில் பைகான் இந்தியா என்ற பைத்தான் மாநாட்டில் விருது கொடுக்கிறார்கள். 2019இல் அந்தப் பைகான் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் நடந்தது. எஸ்டேட்காரர்களுக்கு அது நன்றாகப் பழகிய இடம். எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான அய்மா, 'ஆக்மி' மெஷின் டூல் கண்காட்சியை அங்கேதான் நடத்துகிறது. மெஷின் வாங்கப் போகிறவர்களும் பைத்தான் கேட்கப் போகிறவர்களும் நுழைவது ஒரே கேட்.

ஜாங்கோவில் 'ஆப்' என்றால் போனில் இறக்குவது இல்லை. முழு சைட்டுக்கு ப்ராஜெக்ட் என்று பெயர். அதற்குள் ஒரு வேலையை மட்டும் பார்க்கிற தனி ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஓர் ஆப். அந்தப் பட்டறை ப்ராஜெக்டில் ஏற்கெனவே ஜாப் கார்டுக்கு ஓர் ஆப், சலானுக்கு ஓர் ஆப் இருக்கின்றன. மூன்றாவதாகக் கேலரி. மேனேஜ் ஃபைலுக்கு 'ஸ்டார்ட்ஆப்' என்று கட்டளை கொடுத்தால் காலி ஃபோல்டர் வந்துவிடும். அதன் பெயரை செட்டிங்ஸில் இருக்கும் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாடல் எழுதி மைக்ரேஷன் ஓட்டினால் டேட்டாபேஸில் டேபிள் தயார். படத்துக்கு இமேஜ்ஃபீல்டு, அதற்குப் பில்லோ என்ற லைப்ரரி கட்டாயம். அட்மினில் பதிவு செய்துவிட்டால் அன்றைக்கே படம் ஏற்றலாம்.

ரெடிமேடாக ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். போட்டோலாக் என்று நல்ல, பழைய ஆப் ஒன்று இருக்கிறது. கேலரி, படம், பட அளவு என்று மாடல்கள் எல்லாம் கட்டித் தருகிறது. ஜிப் ஃபைலாக மொத்தமாக ஏற்றவும் வழி உண்டு. கல்யாண ஆல்பத்துக்கோ ஸ்கூல் ஆண்டு விழாவுக்கோ நான் அதைத்தான் போடச் சொல்வேன். ஆனால் அதில் ஒரு படம் பொதுவில் வரலாம் அல்லது வரக்கூடாது, இந்த இரண்டே நிலைதான். பட்டறைக்கு அது போதாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெளி ஆப் ஒன்றைக் கட்டிக்கொண்டால் ஜாங்கோவின் அடுத்த பதிப்புக்கு மாறும்போதெல்லாம் அதை எழுதியவர்கள் மாறுகிறார்களா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு மாடல், நாலு வியூ இருக்கிற விஷயத்துக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, மூன்றாவது நிலை என்ன?

ஒரு பாகத்தின் படம் பட்டறையின் சொத்து மட்டும் இல்லை. டிராயிங் கஸ்டமருடையது. பல கஸ்டமர்கள் டிராயிங் கொடுக்கும்போதே ரகசியம் காப்போம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். புஷ், ஸ்பேசர் மாதிரிப் பொதுவான ஐட்டத்தை யாருக்கும் காட்டலாம். ஒரு கம்பெனியின் புது மாடலுக்குப் போகும் ப்ராக்கெட்டை அந்தக் கம்பெனி பர்ச்சேஸ்காரர் மட்டும் பார்க்கலாம், ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே சொல்வதற்காக. ரிஜெக்‌ஷன் ஆன பீஸின் படத்தைப் பட்டறைக்குள் மட்டும்தான் பார்க்க வேண்டும். கட்டிங் மார்க்கும் கீறலுமாக இருக்கிற படத்தை வெளியில் யார் காட்டுவார்கள்?

இதற்கும் மேலே ஒன்று. பக்கத்து ஊர் ஆவடி. 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. விஜயந்தா டாங்கு 1965இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. 2021இல் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்த பிறகு ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற கம்பெனியின் கீழ் வந்திருக்கிறது. அதற்கு சப்ளை செய்பவருக்கு சப்ளை செய்பவர் என்று சங்கிலி நீண்டு, எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் வரைக்கும் வரும். அந்த மாதிரி ஜாப்புக்குப் படமே எடுக்கக் கூடாது. அதனால் ஜாப் கார்டிலேயே 'படம் கூடாது' என்று ஒரு டிக் வைத்தேன். டிக் இருந்தால் அப்லோடு பட்டன் வராது. பட்டனை ஒளித்தால் மட்டும் ஆகாது, ஃபார்மைச் சரிபார்க்கும் இடத்திலும் அதே கேள்வியைக் கேட்டு சர்வர் மறுக்க வேண்டும். பட்டன் இல்லாமலும் ரிக்வெஸ்ட் அனுப்பத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர்.

ஆக, மாடலில் மூன்று நிலை: உள்ளே மட்டும், கஸ்டமருக்கு, எல்லோருக்கும். எதை ஏற்றினாலும் முதலில் 'உள்ளே மட்டும்' என்றுதான் விழும். ஒவ்வொரு படமும் ஒரு ஜாப் கார்டோடு கட்டியிருக்கும், யாருடைய கஸ்டமர் என்பது அங்கிருந்தே தெரிந்துவிடும்.

இனிதான் பலர் கவனிக்காத ஓட்டை. கேலரிப் பக்கத்துக்கு லாகின் போட்டுவிட்டோம், பத்திரம் என்று நினைக்கிறோம். பக்கம்தான் பத்திரம். படம் மீடியா ஃபோல்டரில் கிடக்கிறது. நிஜ சர்வரில் அதை எடுத்துக் கொடுப்பது ஜாங்கோ இல்லை, முன்னால் நிற்கும் இஞ்சினெக்ஸ் என்ற வெப் சர்வர். அதற்கு லாகினைப் பற்றி ஒன்றும் தெரியாது. படத்தின் முகவரியை ஒருவர் காப்பி செய்து வாட்ஸாப்பில் போட்டால், லாகினே இல்லாத இன்னொருவருக்கும் திறக்கும். போதாக்குறைக்கு நம் சூப்பர்வைசர் ஒழுங்கானவர், ஃபைலுக்கு டிராயிங் நம்பரையே பெயராக வைப்பார். ஜாங்கோ அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளும். முகவரியைப் பார்த்தாலே எந்தக் கஸ்டமரின் எந்தப் பாகம் என்று எஸ்டேட்டில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள்.

இதற்குச் செய்தது இது. ஏற்றுகிற ஒரிஜினல் எல்லாம் வெளியிலிருந்து எட்ட முடியாத ஃபோல்டருக்குப் போகும், பெயர் மாறி, அர்த்தமில்லாத நீண்ட எழுத்து வரிசையாக. யாராவது கேட்டால் ஜாங்கோ முதலில் ஆளைப் பார்க்கும். சரியான ஆள் என்றால் படத்தைத் தானே அனுப்பாது. 'எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட்' என்ற ஹெடரில் ஃபைல் இருக்கும் இடத்தை மட்டும் எழுதி இஞ்சினெக்ஸிடம் கொடுக்கும். இஞ்சினெக்ஸில் அந்த இடத்தை 'இன்டர்னல்' என்று குறித்து வைத்திருப்பதால் வெளியாள் நேராக முகவரியைத் தட்டினால் 404. அனுப்பும் சுமை இஞ்சினெக்ஸுக்கு, அனுமதிக்கும் அதிகாரம் ஜாங்கோவுக்கு.

எல்லோருக்கும் காட்டும் படங்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். ஒரு பக்கத்தில் நாற்பது படம் இருந்தால் நாற்பது முறை ஆளைப் பார்ப்பது வீண். அங்கே வேறு வழி: ஒரு படத்துக்கு 'எல்லோருக்கும்' என்று ஒப்புதல் கொடுக்கும் நொடியில் மட்டும் அதற்குப் பொதுப் பிரதி ஒன்று உருவாகும். ஒப்புதலை எடுத்தால் பிரதி அழியும். ஒரிஜினல் எந்தக் காலத்திலும் பொதுவில் வராது.

இந்த ஒரு முடிவை எடுத்த பிறகு மற்ற பாதித் தலைவலி தானாகத் தீர்ந்தது. பிரதி எடுக்கும் அந்த இடத்திலேயே படத்தைக் குளிப்பாட்டி அனுப்பிவிடலாம்.

போனில் எடுக்கும் ஜேபெக் படத்துக்குள் எக்ஸிஃப் என்று ஒரு பகுதி உண்டு. போனை எப்படிப் பிடித்திருந்தோம், எத்தனை மணிக்கு எடுத்தோம், லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் எந்த இடம் என்பது வரை அதில் எழுதியிருக்கும். போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த ஷாஃப்ட், கேலரியில் படுத்துக் கிடப்பது இதனால்தான். படத்தைத் திருப்பாமல், 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் போன் எழுதி வைக்கிறது. நாம் சின்னதாக்கிச் சேமிக்கும்போது அந்தக் குறிப்பு தொலைந்துவிடுகிறது. பில்லோவில் 2019இலிருந்து 'எக்ஸிஃப் ட்ரான்ஸ்போஸ்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது குறிப்பைப் படித்துப் படத்தையே திருப்பிவிடும். அதன் பிறகு எக்ஸிஃபை எடுத்துக் கொடுக்காமல் ஜேபெக்காகச் சேமித்தால் லொகேஷன் உட்பட எல்லாம் போய்விடும்.

"பட்டறை எங்க இருக்குன்னு கூகுள் மேப்பிலேயே இருக்கே, லொகேஷன் தெரிஞ்சா என்ன?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாப் படமும் பட்டறையில் எடுத்தது இல்லையே. கஸ்டமர் ப்ளான்டுக்குப் போய், பாகம் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து அங்கேயே எடுத்த படங்களும் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீபெரும்புதூர், ஒன்று ஒரகடம், ஒன்று பூந்தமல்லி தாண்டித் திருமழிசை. அந்தப் புள்ளிகளை மேப்பில் வைத்தால் பட்டறையின் கஸ்டமர் லிஸ்ட் கைக்கு வந்துவிடும். போட்டிக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இதைச் சொன்னதும் மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் எக்ஸிஃப் கழன்றுவிடும், அதனால் அந்த வழியிலேயே வாங்கி ஏற்றலாமே என்று ஒரு யோசனை வந்தது. படம் நசுங்கிவிடும். வெர்னியரைப் பாகத்தோடு வைத்து எடுத்த படத்தில் ரீடிங்கைப் படிக்க முடியாவிட்டால் அந்தப் படம் எதற்கு?

அளவு விஷயத்தில் ஒரு நுணுக்கம். 4000க்கு 3000 புள்ளி உள்ள போன் படம் ஃபைலாக நாலைந்து எம்.பி.தான் இருக்கும். அதைத் திறந்து மெமரியில் விரித்தால் புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 எம்.பி. இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் சின்ன சர்வர் மூச்சு வாங்கும். பில்லோவின் 'தம்ப்நெய்ல்' ஃபங்ஷன் இதில் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. ஜேபெக் என்றால் முழுதாக விரிக்காமல் கால் அளவிலோ அரைக்கால் அளவிலோ விரித்துக்கொள்ளும். ஆனால் முதலில் திருப்பு, பிறகு சின்னதாக்கு என்று எழுதினால் திருப்புவதற்காக முழுப் படமும் விரிந்துவிடும், கெட்டிக்காரத்தனம் வீண். சின்னதாக்கிவிட்டுத் திருப்ப வேண்டும். 400க்கு 400 என்று சதுரமாகக் கேட்டால் எப்படித் திருப்பினாலும் அளவு மாறாது.

ஏற்றும் இடத்தில் இரண்டு சின்ன முள். இஞ்சினெக்ஸ் சும்மா விட்டால் 1 எம்.பி.க்கு மேல் வாங்காது, 413 என்று திருப்பியடிக்கும். போன் படம் எதுவும் நுழையாது. அந்த வரம்பை ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒரே ஃபார்மில் பல படங்களைத் தேர்ந்தெடுக்கப் பழைய டுடோரியல்கள் சொல்லும் வழி இப்போது எரர் தரும். பல ஃபைல் வந்தாலும் கடைசி ஒன்றை மட்டும்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தது என்று 2023 மே மாதம் கண்டுபிடித்து அந்தக் கதவை மூடினார்கள். ஜாங்கோ ஆவணத்திலேயே புது வழி இருக்கிறது. அதைப் படித்து எழுதுங்கள், யூட்யூபைப் பார்க்காதீர்கள்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைப்பிலிருந்து முகவரி செய்யும் 'ஸ்லக்கிஃபை' தமிழை மொத்தமாகத் தூக்கி எறியும். யூனிகோடை அனுமதி என்று சொன்னால் இன்னும் மோசம். பைத்தானின் பார்வையில் நம் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து இல்லை. அதனால் 'அம்பத்தூர்' என்று கொடுத்தால் 'அமபததர' என்று வரும். 'ஆவடி' 'ஆவட' ஆகும். எண்ணையே முகவரியாக வைத்துவிட்டேன். ஜாப் ஒர்க் கேலரிக்கு அழகான முகவரி எதற்கு?

இவ்வளவுக்குப் பிறகும் கோடு பிடிக்க முடியாத ஒன்று பாக்கி இருந்தது. படத்தின் பின்னணி. க்யூ.சி. பார்க்கும் அக்காதான் அதைப் பிடித்தார். பாகத்தை க்ரானைட் சர்ஃபேஸ் ப்ளேட்டின் மேல் வைத்துத்தான் படம் எடுப்பார்கள், வெளிச்சம் அங்கே நன்றாக விழும். பக்கத்திலேயே டிராயிங் விரித்திருக்கும். அதன் வலது கீழ் மூலையில் டைட்டில் ப்ளாக்கில் கம்பெனி பெயர், பார்ட் நம்பர், ரிவிஷன் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பின்னால் நீல க்ரேட், அதில் பெயின்ட்டில் கஸ்டமர் பெயர். ஒப்புதல் கொடுக்கும் ஸ்க்ரீனில் நான் சின்னப் படங்களாக வரிசையாக அடுக்கியிருந்தேன், சட்சட்டென்று டிக் அடித்துப் போகலாம் என்று. "தம்பி, இவ்ளோ பொடியா இருந்தா டிராயிங் தெரியறது எப்படிப் பாக்கறது? ஒண்ணொண்ணா பெருசா காட்டுங்க" என்றார். அப்படியே மாற்றினேன். இப்போது ஒரு நேரத்தில் ஒரு படம், ஸ்க்ரீன் முழுக்க. கீழே மூன்று பட்டன்கள், கூடவே ஓரங்களை வெட்ட ஒரு வசதி. யார், எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்பதும் பதிவாகும். அக்கா அதோடு விடவில்லை. சர்ஃபேஸ் ப்ளேட்டுக்குப் பின்னால் சாம்பல் நிற ரெக்ஸின் ஒன்றைத் தொங்கவிட்டு, படம் எடுக்கும்போது டிராயிங்கை மடித்து வைக்கச் சொல்லிவிட்டார். என் கோடு எல்லாவற்றையும்விட அந்த ரெக்ஸின் அதிகம் காப்பாற்றுகிறது.

அழிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்மினில் ஒரு படத்தை டெலீட் செய்தால் டேட்டாபேஸில் வரிதான் போகும். ஃபைல் டிஸ்கில் அப்படியே இருக்கும். 2011இல் வந்த ஜாங்கோ 1.3இலிருந்து இப்படித்தான். இடையில் ஏதாவது கோளாறாகி டேட்டாபேஸ் பழைய நிலைக்குத் திரும்பினால், வரி மட்டும் இருந்து ஃபைல் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். காரணம் சரிதான். ஆனால் "எங்க பார்ட் போட்டோவ எடுத்துடுங்க" என்று கஸ்டமர் போன் செய்து, நாமும் எடுத்துவிட்டோம் என்று சொன்ன பிறகு பழைய முகவரியில் படம் திறந்தால் ஆர்டர் போய்விடும். அதனால் வரி அழிந்தது உறுதியான பிறகு ஒரிஜினலையும் பொதுப் பிரதியையும் அழிக்கும்படி ஒரு சிக்னல் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே யாராவது டவுன்லோடு செய்து வைத்திருந்தால் அதற்கு ஜாங்கோவில் மருந்து இல்லை.

கஸ்டமருக்குக் காட்டும் படங்களுக்கு லாகின் கொடுத்துப் பார்த்தோம். பர்ச்சேஸ்காரர்கள் யாரும் நுழையவில்லை. இருபது சப்ளையருக்கு இருபது பாஸ்வேர்டு வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? ஜாங்கோவிலேயே இருக்கும் கையொப்ப வசதியை வைத்து ஒரு வாரம் மட்டும் திறக்கும் லிங்க் செய்து கொடுத்தேன். எந்த ஜாப், எந்தத் தேதியில் கொடுத்தது என்பது லிங்க்குக்குள்ளேயே இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் செல்லாது. முதலாளி அதை வாட்ஸாப்பில் அனுப்புகிறார், அவர்கள் போனிலேயே பார்த்து ஓகே சொல்கிறார்கள். வாரம் கழிந்து "ஓப்பன் ஆகலையாம்" என்று போன் வந்தால் புது லிங்க், ஒரு க்ளிக்.

கடைசியாக பேக்கப். ப்ராஜெக்டின் கோடு கிட்டில் இருக்கிறது, டேட்டாபேஸ் தினமும் ராத்திரி டம்ப் ஆகிறது. இந்த இரண்டிலும் படங்கள் சேராது. கேலரி சேர்த்த அன்றைக்கே ஒரிஜினல் ஃபோல்டரை ஆபீஸ் ரூமில் இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு ஆர்சிங்க் செய்யும் வரியைக் க்ரானில் போட்டுவிட்டேன். பொதுப் பிரதிகளை எடுத்து வைக்கத் தேவையில்லை. ஒரிஜினலும் ஒப்புதல் பட்டியலும் இருந்தால் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.